சுவரில் தீட்டிய தோல்வி: புள்ளலூர், 1780

அப்துல் கலாம் 1960களில் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் இருக்கும் நாசா மையத்துக்குப் போனபோது, வரவேற்பறையில் ஓர் ஓவியத்தைப் பார்த்தாராம். போர்க்களம், பின்னணியில் பறக்கும் ராக்கெட்டுகள். ராக்கெட் விடுகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, கறுத்த தோல்காரர்கள். கிட்டே போய்ப் பார்த்தால் திப்பு சுல்தானின் படை ஆங்கிலேயர்களோடு போரிடும் காட்சி. 'அக்னிச் சிறகுகள்' படித்த எல்லோருக்கும் இந்த இடம் ஞாபகம் இருக்கும். நம் ஊரில் மறந்துபோன ஒன்றை எங்கோ அமெரிக்காவில் மாட்டி வைத்திருக்கிறார்களே என்று பெருமையும் வருத்தமுமாக அதைச் சொல்லுவார்.

ஆனால் அமெரிக்கா வரை போக வேண்டாம். திப்பு படையின் போரைத் திப்புவே வரையச் சொன்ன ஓவியம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கிறது. மைசூர் டூர் போகிற சென்னைக்காரர்கள் பாதிப்பேர் பார்த்திருப்பார்கள். சாமுண்டி மலைக்கும் பிருந்தாவன் தோட்டத்துக்கும் நடுவில் பஸ்ஸை நிறுத்தி, "அரை மணி நேரம்தான், சீக்கிரம் வாங்க" என்று இறக்கிவிடுவார்களே, தரியா தௌலத் பாக் என்ற தேக்குமர அரண்மனை, அங்கேதான். மேற்குப் பக்கத்து வெளிச்சுவர் முழுக்க ஒரு பெரிய போர். வழிகாட்டி இரண்டு நிமிடத்தில் ஹைதர், திப்பு, வெள்ளைக்காரன் என்று மூன்று விரல் நீட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவர் சொல்லாமல் விடுவது இதுதான்: அந்தச் சுவரில் தோற்றுக்கொண்டிருப்பது மதராஸ் படை. போர் நடந்த இடம் மைசூரும் இல்லை, ஸ்ரீரங்கப்பட்டணமும் இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளலூர். தி.நகரில் காலை டிபனை முடித்துவிட்டுக் கிளம்பினால் பத்தரை மணிக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர்.

ஆங்கிலேயர்கள் அதை 'பொல்லிலூர்' என்று எழுதினார்கள். இன்று வரை பாதி புத்தகங்கள் அதையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஊருக்கு இது முதல் போரும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் தன் எதிரிகளைப் புள்ளலூரில் முறியடித்தான் என்று காசாக்குடி செப்பேடு சொல்கிறது. எதிரி பெயரைச் செப்பேடு சொல்லவில்லை. சாளுக்கியன் புலிகேசிதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். காஞ்சியைப் பிடிக்க வருகிறவர்கள், காஞ்சியைக் காக்கப் போகிறவர்கள் இரண்டு பேருக்கும் அந்த வயல்வெளி வாட்டமான இடம் போலிருக்கிறது.

சரி, 1780-க்கு வருவோம்.

அதற்குப் பதினோரு வருடம் முன்னால், 1769-இல், ஹைதர் அலி குதிரைப்படையோடு மதராஸ் வாசல் வரை வந்து கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்திருந்தார். ஒருவரை மற்றவர் ஆபத்தில் காப்பாற்ற வேண்டும் என்று அந்த ஒப்பந்தம் சொன்னது. பிறகு மராத்தியர்கள் ஹைதரை நசுக்கியபோது கம்பெனி சும்மா உட்கார்ந்திருந்தது. 1779-இல் ஹைதரின் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகம் மாஹேயைக் கம்பெனி பிடித்துக்கொண்டது. மைசூருக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் வந்துகொண்டிருந்த வாசல் அது. கடன் கொடுத்தவன் பொறுமையிழந்தால் என்ன ஆகும் என்று கம்பெனிக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் மதராஸ் கவுன்சில் எந்த ஏற்பாடும் செய்யவில்லை.

1780 ஜூலையில் ஹைதர் மலையிறங்கினார். எண்பதாயிரம் பேருக்கு மேல், நூறு பீரங்கி போல என்கிறார்கள். செங்கம் கணவாய் வழியாக ஒரு வெள்ளம் மாதிரி கர்நாடகச் சமவெளிக்குள் வந்தது அந்தப் படை. ஆகஸ்டில் அவருடைய குதிரைவீரர்கள் பரங்கிமலை, சாந்தோம் பக்கம் வரை கொள்ளையடித்துத் தீ வைத்துப் போனார்கள். கோட்டைக்கு வெளியே குடியிருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கோட்டைக்குள் ஓடினார்கள்.

மதராஸின் சேனாதிபதி சர் ஹெக்டர் மன்றோ. தீவுத்திடல் அருகே சேணமில்லாக் குதிரையில் உட்கார்ந்திருக்கும் மன்றோ இவர் இல்லை. அவர் தாமஸ் மன்றோ, பிற்காலத்து கவர்னர். வேடிக்கை என்னவென்றால் அவரும் இந்தக் கதையில் இருக்கிறார்: அந்த வருடம்தான் மதராஸில் வந்திறங்கிய, பத்தொன்பது வயதுகூட முழுதாகக் கடக்காத ஒரு கேடட்டாக, ஹெக்டர் மன்றோவின் படையில்.

ஹெக்டர் மன்றோ பதினாறு வருடம் முன்பு பக்ஸாரில் ஜெயித்தவர். அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியவர் என்று சொன்னால் தப்பில்லை. பரங்கிமலையில் ஐயாயிரம் பேரைத் திரட்டி ஆகஸ்ட் கடைசியில் காஞ்சிபுரத்துக்கு நடந்தார். வடக்கே குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி சுமார் 2,800 பேரோடு வந்து அங்கே சேர வேண்டும் என்பது திட்டம். இரண்டு படையும் மதராஸில் ஒன்றுசேர்ந்துவிட்டு அப்புறம் கிளம்பியிருந்தால் சரித்திரமே வேறு. எதிரியின் குதிரைப்படை சுற்றிக்கொண்டிருக்கும் ஊரைச் சந்திப்பு இடமாகத் தேர்ந்தெடுத்ததுதான் முதல் கோணல்.

இரண்டாவது கோணல் கொசஸ்தலையாறு. பெய்லி ஆகஸ்ட் 25-ஆம் தேதி கரைக்கு வந்தபோது ஆற்றில் அவ்வளவாகத் தண்ணீர் இல்லை. காலையில் தாண்டிக்கொள்ளலாம் என்று இந்தப் பக்கமே கூடாரம் அடித்தார். ராத்திரி மழையில் ஆறு பெருக்கெடுத்தது. வடிந்து, கடந்து அந்தப் பக்கம் போக செப்டம்பர் பிறந்துவிட்டது. அதற்குள் ஹைதர் தன் மகன் திப்புவை அவர்மேல் ஏவிவிட்டார்.

செப்டம்பர் 6-ஆம் தேதி பேரம்பாக்கத்தில் முதல் மோதல். பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் நகர முடியவில்லை. மன்றோ தன் படையிலிருந்து ஆயிரம் பேரைக் கர்னல் ஃபிளெட்சர் தலைமையில் அனுப்பி வைத்தார். தான் போகவில்லை. ஏன் போகவில்லை? அரிசி. காஞ்சிபுரத்தில் சேர்த்து வைத்திருந்த கொஞ்சநஞ்ச நெல்லையும் அரிசியையும் விட்டுவிட்டுப் போனால் படை பட்டினி கிடக்கும். அரிசியும் வண்டிமாடும் கொடுக்க வேண்டியவர் ஆற்காடு நவாப் முகமது அலி. சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி உட்கார்ந்துகொண்டு, கம்பெனி அதிகாரிகளிடமே தனித்தனியாக வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தவர். அவரிடமிருந்து எதுவும் ஒழுங்காக வந்து சேரவில்லை. ராணுவ வரலாறு எழுதுகிறவர்கள் பீரங்கியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். புள்ளலூரைத் தீர்மானித்ததில் பாதி பங்கு இந்தக் கணக்குப் புத்தகத்துக்கு.

செப்டம்பர் 9 இரவு பெய்லியும் ஃபிளெட்சரும் சேர்ந்து சுமார் 3,800 பேரோடு காஞ்சியை நோக்கி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போய், விடியட்டும் என்று நின்றுவிட்டார்கள். அந்த ஒரு ராத்திரியில் ஹைதரின் முழுப் படையும் சத்தமில்லாமல் நகர்ந்து வந்துவிட்டது. மன்றோவுக்கு அது போனதே தெரியாது. 10-ஆம் தேதி காலை நாலாபக்கமும் பீரங்கி. நடுவில் கம்பெனிப் படை சதுரமாக அணிவகுத்து நின்றது. சண்டை உச்சத்தில் இருந்தபோது அவர்களுடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ராக்கெட் பட்டதா, பீரங்கிக் குண்டு பட்டதா என்பதில் இன்றுவரை ஒரு முடிவு இல்லை. அதற்குப் பிறகு நடந்தது போர் இல்லை, வெட்டு. ஃபிளெட்சர் செத்தார். காயம்பட்ட பெய்லி சரணடைந்தார்.

மன்றோ சில மைல் தள்ளி அந்தச் சத்தத்தைக் கேட்டார். விஷயம் தெரிந்ததும் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாக ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். வந்து மூச்சு வாங்கிய இடம் மர்மலாங், அதாவது இன்றைய சைதாப்பேட்டை ஆற்றங்கரை.

இதைத்தான் நாலு வருடம் கழித்து, 1784-இல் தரியா தௌலத் கட்டியபோது, திப்பு சுவரில் ஏற்றினார்.

படத்தை எப்படிப் பார்ப்பது? நடுவில் ஒரு சிவப்புச் சதுரம். சிவப்புக் கோட்டு போட்ட சிப்பாய்கள் வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே அச்சு முகம், மீசை கிடையாது. சதுரத்துக்குள் பல்லக்கில் பெய்லி, திகைத்துப்போய் விரலைக் கடித்துக்கொண்டு. பக்கத்திலேயே வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. வெளியே மைசூர்க் குதிரைகள் அலையலையாகப் பாய்கின்றன, தலைகள் உருள்கின்றன. மைசூர் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் மீசையும் தாடியும் முறுக்கும். அவர்கள் பக்கம் நிற்கும் பிரெஞ்சுக்காரர் லாலி தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருக்கிறார். (1758-59-இல் மதராஸை முற்றுகையிட்ட லாலி இவர் இல்லை. அந்த லாலியை அவர் நாட்டிலேயே தலையை வெட்டிவிட்டார்கள். இவர் கூலிப்படைக்காரர்.) ஹைதரும் திப்புவும் இந்த அமளிக்கு நடுவில் ஏதோ மாலையில் காற்று வாங்க வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். திப்பு கையில் ரோஜாப்பூ, முகர்ந்து பார்க்கிறார். ஒரு ஓரத்தில் ஹைதராபாத் நிஜாமின் படை, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்கிறது. கூட்டு சேர்ந்துவிட்டுக் கை கொடுக்காதவருக்கு வைத்த குட்டு.

இந்த வரைமுறை திப்பு கண்டுபிடித்தது இல்லை. மேலிருந்து சாய்வாகப் பார்ப்பது, தூரத்து ஆளும் பக்கத்து ஆளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பது, காலையில் நடந்ததும் மத்தியானம் நடந்ததும் ஒரே படத்தில் வருவது, இதெல்லாம் இருநூறு வருடத்துக்கு முன்னால் அக்பரின் ஓவியச்சாலையில் பழகிய விஷயங்கள். அபுல் ஃபசல் எழுதிய 'அக்பர்நாமா'வுக்காக 1590களில் தீட்டியவற்றில் 116 ஓவியங்கள் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் கை: ஒருவர் கட்டமைப்பை வரைவார், இன்னொருவர் வண்ணம் தீட்டுவார். ஓரத்தில் குமாஸ்தா பெயரைக் குறித்து வைத்துவிடுவார். அதனால் மிஸ்கினா என்ற ஓவியரின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவரில் அப்படி ஒரு பெயரும் இல்லை.

மிஸ்கினா வரைந்த ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அது சித்தூர்க் கோட்டை முற்றுகை, 1567. (ராஜஸ்தான் சித்தூர், நம் வேலூருக்குப் பக்கத்து சித்தூர் இல்லை.) கோட்டைச் சுவருக்கடியில் இரண்டு சுரங்கம் தோண்டி வெடிமருந்து நிரப்பினார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வெடிக்க வேண்டும். ஒன்று வெடித்ததும் முகலாய வீரர்கள் உடைந்த சுவரை நோக்கி ஓடினார்கள். இரண்டாவது தாமதமாக, அவர்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது வெடித்தது. சுமார் இருநூறு பேர் செத்தார்கள், அக்பரின் சொந்த ஆட்கள். அந்த வெடிப்பைத்தான் மிஸ்கினா படத்தின் உயிர்நாடியாக வைத்திருக்கிறார். உடல்கள் காற்றில் பறக்கின்றன. பாதுஷாவுக்காகச் செய்த புத்தகத்தில் பாதுஷா படையின் விபத்து!

அக்பர் பெரிய மனசுக்காரர் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். அந்தக் கோட்டை விழுந்த பிறகு உள்ளே இருந்தவர்களுக்கு நேர்ந்த படுகொலை சாமானியமானதல்ல. ஆனால் அந்தப் புத்தகம் தீட்டியபோது சித்தூர் விழுந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜெயித்து முடித்து, எல்லாம் கைக்குள் வந்த பிறகு, பட்ட அடியைக்கூட ஆற அமர வரையலாம். பாபரின் பானிபட் போர் ஓவியங்களோ போர் நடந்து அறுபது எழுபது வருடம் கழித்து, அதைக் கண்ணால் பார்க்காதவர்கள் வரைந்தவை.

திப்புவுக்கு அந்த சௌகரியம் இல்லை. 1784-இல் மங்களூர் ஒப்பந்தம் முடிந்த கையோடு வரைந்தது இது. ஹைதர் 1782 டிசம்பரில் இறந்துவிட்டார். எதிரி இன்னும் மதராஸில் உட்கார்ந்திருக்கிறான். புள்ளலூரில் சண்டை போட்டவர்களே அந்தத் தாழ்வாரத்தில் நடந்து போவார்கள், சுவரைப் பார்ப்பார்கள். மீசையில்லாத ஒரே அச்சு முகங்கள் ஏதோ அழகுக்காகப் போட்டவை அல்ல. இவர்களை ஒருமுறை அடித்தோம், மறுபடியும் அடிக்கலாம் என்று தன் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வகையில் இது சரித்திரப் படம் என்பதைவிட ஒரு போஸ்டர்.

போஸ்டருக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்தது. ஆங்கிலேயர் முற்றுகைக்கு முன்பே படத்தை அழித்திருந்தார்கள். 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு கொல்லப்பட்டார். கோட்டைக்குள் தாக்குதலை நடத்திச் சென்ற டேவிட் பெயர்ட் யார் தெரியுமா? புள்ளலூரில் பிடிபட்டு, அதே ஊர்ச் சிறையில் மூன்றரை வருடம் கிடந்தவர். பெய்லி அந்தச் சிறையிலேயே 1782 நவம்பரில் செத்துப்போனார். பிறகு தரியா தௌலத்தில் குடியேறிய ஆர்தர் வெல்லெஸ்லி, வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தாரே அவர்தான், படத்தைத் திரும்ப எழுத வைத்தார். தன் கட்சி உதை வாங்கும் படத்தை ஜெயித்தவரே புதுப்பித்தார் என்பது விசித்திரம். ஆனால் சித்தூர் விஷயத்தில் சொன்னதுதான் இங்கேயும். திப்பு போன பிறகு அது பயமுறுத்தும் படம் இல்லை, ஒரு வேடிக்கைப் பொருள். அதற்கப்புறம் யாரோ வெள்ளையடித்தார்கள். 1850களில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி வந்து பார்த்துவிட்டு, மூலப்படம் ஞாபகத்தில் இருந்த உள்ளூர் ஓவியர் ஒருவரைக் கொண்டு மறுபடி தீட்டச் சொன்னார்.

ஆக, பஸ்ஸிலிருந்து இறங்கி அரை மணி நேரத்தில் பார்ப்பது 1784-இன் சுவர் அல்ல, ஒரு வயதானவரின் ஞாபகம். ரோஜாப்பூ திப்பு காலத்து ரோஜாப்பூதானா? காகிதத்தில் எடுத்த பழைய பிரதிகள் இருப்பதால் ஓரளவு ஒப்பிட முடிகிறது. அப்படி முப்பது அடிக்கு மேல் நீளமான ஒரு பிரதி 2022 மார்ச்சில் லண்டன் சாதபீஸ் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. ஆறு கோடி ரூபாய்க்கு மேல். பெய்லியைக் காப்பாற்றப் போதுமான அரிசியும் மாடும் இல்லாமல் நடந்த ஒரு தோல்வியின் படத்துக்கு!

இவ்வளவு பெரிய படத்தில் இல்லாதவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று, அந்தச் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தவர்கள். 3,800 பேரில் வெள்ளைக்காரர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்கள் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள், மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். படம் அவர்களைக் கோட்டின் நிறத்தில் கரைத்துவிட்டது. ஆங்கிலேயர்களும் ஒன்றும் கிழித்துவிடவில்லை. பெய்லிக்கு 1816-இல் அவருடைய மருமகன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நினைவிடம் கட்டினார். அடுத்த வருடமே, 1781 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, அயர் கூட் அதே புள்ளலூரில் ஹைதரோடு மோதியபோது இறந்த அதிகாரிகளுக்கு ஊரில் நினைவுத் தூண்கள் இருக்கின்றன. சிப்பாய்களுக்கு ஒரு கல் கிடையாது.

இன்னொரு கூட்டம், அந்த நிலத்துக்காரர்கள். படத்தில் மரம் இருக்கிறது, யானை இருக்கிறது, ஊர் இல்லை. மதராஸுக்குத் தானியமும் தீவனமும் போகக்கூடாது என்று ஹைதரின் படை வழியெல்லாம் கொளுத்திக்கொண்டே வந்தது. திப்புவை மாவீரன் என்று கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். திப்புவைத் திட்டுகிறவர்களோ கம்பெனியும் நவாபும் அதே குடியானவர்களை வரி, கடன் என்று ஏற்கெனவே பிழிந்து வைத்திருந்ததைத் தாண்டிவிடுவார்கள். போரை நடத்த வங்காளத்திலிருந்து வாரன் ஹேஸ்டிங்ஸ் பதினைந்து லட்சம் ரூபாய் அனுப்பினார். 1781 டிசம்பரில் நவாப் கர்நாடகத்தின் வரி வசூலையே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். எரிந்துபோன கிராமங்களிலிருந்து யார் என்ன வசூலித்திருக்க முடியும்?

ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்திலும் சேதுபதி தஞ்சை மராத்தியரோடு போரிடும் சுவரோவியம் இருக்கிறது, புள்ளலூர்ப் படத்துக்கு அறுபது வருடம் மூத்தது. அதிலும் ராஜா, குதிரை, பீரங்கிதான். கம்பெனிக்காரர்களும் பதிலுக்குச் சும்மா இருக்கவில்லை. அண்ணா சாலை பக்கத்தில் இருக்கும் ராஜாஜி மண்டபம் பிளாசி வெற்றிக்கும் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்கும் ஞாபகமாக 1802-இல் கட்டி முடித்ததுதான். கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும் காரன்வாலிஸ் சிலையின் பீடத்தில், 1792-இல் திப்பு தன் இரண்டு பிள்ளைகளைப் பணயமாக ஒப்படைத்த காட்சியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சுவருக்குச் சுவர், கல்லுக்குக் கல்.

ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்கு ஓவியம் இல்லை, ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது. போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. 1782-இல் மதராஸ் கோட்டைக்கு வடக்கே அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு இடம் திறந்தார்கள். மணியக்காரர் சத்திரம் என்று பெயர். பிற்பாடு அங்கே வைத்தியமும் சேர்ந்தது, வளர்ந்து வளர்ந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆனது. வடசென்னையில் வயதானவர்கள் ஆட்டோவில் ஏறி "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று சொன்னால் அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள்.